‘மூளைக்காயம்’ வேண்டாமே

உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு 27 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. பிள்ளை இன்குபேட்டரில் இருந்தபோது அவள் கையில் ஒரு தமிழ்க் கையேட்டைக் கொடுத்தார்கள். தலைப்பு: ‘மிக முன்கூட்டிய குழந்தைகளில் மூளைக்காயம்’. மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார், “காயமா? யாரும்மா பிள்ளையக் கீழ போட்டது?” மருமகள் அழ ஆரம்பித்தாள். யாரும் போடவில்லை, எங்கும் இடிக்கவில்லை என்று நர்ஸ் விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு அதே சொல்லைப் பத்திரிகையில் பார்த்தேன், ஒரு காணொளியில் கேட்டேன், போன வாரம் மறுபடியும் கேட்டேன். இனிப் பொறுப்பதற்கில்லை.

மூலச் சொல் ஆங்கிலத்தின் ‘இஞ்சுரி’. லத்தீனில் ‘இன்யூரியா’ என்றால் அநியாயம், முறைகேடு. உடம்பில் படும் அடி என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. சட்டத்தில் பழைய பரப்பு இன்னும் இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 44ஆம் பிரிவில், உடல், மனம், நற்பெயர், சொத்து எதற்குச் சட்டவிரோதமாகத் தீங்கு விளைந்தாலும் அதை ‘இஞ்சுரி’ என்றது. நாம் செய்திகளில் படிக்கும் ‘கொடுங்காயம்’ வேறொரு சொல்லுக்கு, அதாவது ‘ஹர்ட்’ வகைக்கு, வைத்த தமிழ். ஆக, ஆங்கிலத்தில் எழுதிய சட்டமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்தான் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

சரி, ‘காயம்’ தமிழில் என்ன? உடம்பு ஒன்று, பெருங்காயம், வெங்காயம் என்று வரும் காரச்சரக்கு ஒன்று, அடிபட்ட புண் ஒன்று. இந்த மூன்றாவதுதான் கையேட்டில் உட்கார்ந்திருப்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு மூன்று விஷயம் தானாகத் தோன்றும்: வெளியிலிருந்து ஏதோ பட்டது, யாரோ காரணம், கொஞ்ச நாளில் ஆறிவிடும். பைக்கிலிருந்து விழுந்தவனுக்குத் ‘தலைக்காயம்’ என்றால் அச்சாகப் பொருந்துகிறது. குறைமாதக் குழந்தைக்கு மூன்றுமே தப்பு.

அங்கே நடப்பது வேறு. மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில், நரம்பு செல்கள் பிறந்து கிளம்பும் ஒரு படுகை இருக்கிறது. அதன் ரத்தக் குழாய்கள் நூலைவிட மெல்லியவை. 32 முதல் 34 வாரத்துக்குள் அந்தப் படுகை தானே சுருங்கிவிடும். அதற்கு முன்பே வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அங்கே கசிகிறது, பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களில். டாக்டர்கள் உச்சிக்குழியில் கருவியை வைத்து ஸ்கேன் எடுத்து, நான்கு நிலைகளில் எது என்று சொல்வார்கள். (பாட்டிகள் எண்ணெய் வைக்கும் அதே உச்சிக்குழிதான். இந்தச் சொல்லை இதுவரை யாரும் மொழிபெயர்த்துக் கெடுக்கவில்லை.)

கசிவே இல்லாமலும் பாதிப்பு வரும். நரம்பு இழைகளுக்கு உறை போடவேண்டிய இளம் செல்கள் ரத்த ஓட்டம் குறைந்தாலோ கிருமித் தொற்றின் வேகத்திலோ சில செத்துப்போகும். மிச்சம் முதிராமல் அப்படியே நின்றுவிடும். பாங்கர், லரோஷ் என்ற இரு மருத்துவர்கள் 1962இல் இதில் ஒரு வகைக்குக் கிரேக்கத்திலிருந்து ‘லுகோமலேசியா’ என்று பெயர் வைத்தார்கள். வெண்பகுதி, அதாவது உறை போட்ட நரம்பு இழைகள் ஓடும் மூளைப்பகுதி, மென்மையாகிப் போவது என்று பொருள். அவர்களுக்குக் காயம் ஞாபகம் வரவில்லை, பாருங்கள். 2009இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜோசஃப் வோல்ப்பி, இது அழிவும் வளர்ச்சித் தடங்கலும் பின்னிக் கிடப்பது என்று எழுதினார். நின்றுபோன வளர்ச்சியை எப்படிக் காயம் என்பது? கொப்பு ஒடிவது வேறு, மொட்டு விரியாமல் நிற்பது வேறு.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘மூளை ஊறு’ என்றார். நல்ல பழஞ்சொல்தான். குறளிலேயே தொடுவுணர்வுக்கும் இடையூறுக்கும் ‘ஊறு’ வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைச் சொன்னால் கேட்பவருக்கு ஊறுகாய்தான் ஞாபகம் வரும். ‘மூளைச் சேதம்’ என்பார்கள் இன்னும் சிலர். சேதம் என்றால் மழையில் போன நெற்பயிர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. லேசான முதல், இரண்டாம் நிலைக் கசிவு வந்தும் நன்றாக ஓடியாடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டில் போய்ச் சேதம் என்று சொல்லலாமா?

என் ஓட்டு ‘மூளைப் பாதிப்பு’க்கு. வடமொழி வேர்தான், தெரியும். பொத்தாம்பொதுவான சொல் என்பார்கள், அதுவும் தெரியும். பொதுவாக இருப்பதுதான் இங்கே அதன் பலம். ‘ஏற்பட்டது’ என்று சேர்த்தால் செய்தவர் யார் என்ற கேள்வி எழாது. லேசானது, கடுமையானது என்று அளவு சொல்லலாம். குறிப்பாகச் சொல்லவேண்டிய இடத்தில் ‘மூளை ரத்தக்கசிவு’, ‘வெண்பகுதிப் பாதிப்பு’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த ‘முன்கூட்டிய குழந்தை’. முன்கூட்டிய தேர்தல் உண்டு, குழந்தை எப்படி முன்கூட்டும்? ‘குறைமாதக் குழந்தை’ என்று ஊரே சொல்கிறதே, காதில் விழவில்லையா? 32 வாரத்துக்கு முன் என்றால் ‘மிகக் குறைமாதம்’, முடிந்தது. இன்னொரு பக்கத்தில் மூளையின் வெண்பகுதியை (ஆங்கிலத்தில் ‘ஒயிட் மேட்டர்’) ‘வெள்ளை விஷயம்’ என்று போட்டிருந்தார்கள். இயந்திரம் துப்பியதை மனிதர் ஒருவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே இது அச்சுக்குப் போயிருக்காது.

அந்தக் கையேட்டை வாங்கி, ‘காயம்’ என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்து, பேனாவால் ‘பாதிப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். “எந்த அளவுக்குன்னு டாக்டர் எப்ப சொல்வாரு?” என்றார்.