டப்பாவிலேயே தங்கிவிடும் மாத்திரைகள்

தலைவலி மாத்திரையைப் போடச் சொல்லி யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வலியே நினைவூட்டும். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்ததும், மருந்து வேலை செய்தது என்று உடம்பே சாட்சி சொல்லிவிடும்.

ரத்த அழுத்த மாத்திரைக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. அழுத்தம் கூடியிருப்பது பெரும்பாலும் வெளியே தெரிவதே இல்லை என்பதால், மாத்திரை போட்ட நாளும் போடாத நாளும் ஒரே மாதிரிதான் கழியும். அதன் பலன் என்பது பல வருஷம் கழித்து வந்திருக்கக்கூடிய பக்கவாதம் வராமல் போவது. வராத நோயை எப்படி உணர முடியும்? மாத்திரையால் வரும் வறட்டு இருமலோ கால் வீக்கமோ மட்டும் நன்றாகவே தெரிகிறது.

நாள்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பது வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. இதை மறதி என்று ஒதுக்கிவிடுகிறோம். மறதியும் உண்டு, ஒரு நாளைக்கு நான்கு வேளை போட வேண்டிய மாத்திரை, ஒரே ஒரு வேளை போடுவதை விட அதிகம் தவறத்தான் செய்யும். ஆனால் பலர் யோசித்தேதான் விடுகிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் ராப் ஹார்ன், நோயாளியின் மனசுக்குள் இரண்டு கேள்விகள் மோதுவதாக விளக்கினார்: இது எனக்குத் தேவையா? இதனால் கெடுதல் வருமா? இரண்டாவதன் எடை கூடும்போது மாத்திரை டப்பாவிலேயே தங்கிவிடுகிறது. அப்படி விடும் நோயாளியைப் பொறுப்பில்லாதவர் என்று திட்டுவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

மருந்து டப்பாவின் மூடியில் சிப் வைத்து, எப்போதெல்லாம் திறக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்கும் நாளையொட்டி மாத்திரை ஒழுங்காகப் போகிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் குறைந்துவிடுகிறது. "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். அப்புறமும் அழுத்தம் குறையாவிட்டால், மருந்து போதவில்லை என நினைத்து டாக்டர் அளவைக் கூட்டலாம். பழைய அளவே வயிற்றுக்குள் போகவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். இருமல் தாங்காமல் நிறுத்தினேன் என்று ஒருவர் சொன்னால், அந்த இருமலை அபூர்வமாகவே தரும் வேறு வகை மாத்திரை இருக்கிறது. அதை எழுதிக் கொடுக்கலாம்.