எரிதம்: ஸ்பேமுக்குத் தமிழ்

ஸ்பேம் என்பது அமெரிக்காவின் ஹார்மல் நிறுவனம் 1937-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டப்பா இறைச்சியின் பெயர். 1970-இல் மான்டி பைத்தான் குழுவின் தொலைக்காட்சி நகைச்சுவையொன்றில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் ஸ்பேம்தான் வரும். அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பப் பாடி மற்றவர் பேச்சை அமுக்கிவிடுவார்கள். கேட்காமலே எங்கும் வந்து குவியும் விளம்பரச் செய்திகளுக்குப் பெயராக இணையம் கடன் வாங்கியது இந்த இரைச்சலை. 1994-இல் இரு வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு (அமெரிக்க நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) விளம்பரத்தை யூஸ்நெட் என்ற அன்றைய இணைய உரையாடல் வலையின் ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டதும் சொல் நிலைத்துவிட்டது.

தமிழில் 'குப்பை' என்கிறார்கள். அது பொருந்தாது. மங்கலான பறவைப் படமும் குப்பைதான், ஆனால் ஸ்பேம் அல்ல. தரக்குறைவு வேறு, ஒரே சரக்கை ஊரெங்கும் கொட்டுவது வேறு. தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் 'எரிதம்' இந்தக் குழப்பம் இல்லாதது. எரிதக் கணக்கு, எரித வடிகட்டி என்று இயல்பாகக் கூட்டுச்சொல்லும் ஆகிறது.

பொதுமக்கள் தாம் கண்ட உயிரினங்களின் படங்களை ஏற்றிப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற குடிமக்கள் அறிவியல் தளங்களில் எரிதம் பெரும்பாலும் ஒளிவது சுயவிவரத்தில். கணக்கைத் தொடங்கி, 'என்னைப் பற்றி' பகுதியில் சூதாட்டத் தளத்தின் இணைப்பை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பூச்சிப் படம்கூட ஏற்றியிருக்க மாட்டார்கள். மனிதர் யாரும் படிக்க வேண்டியதில்லை, தேடுபொறி அந்த இணைப்பைக் கண்டு தளத்தை மேலே காட்டினால் போதும். ஆகவே முதல் மருந்து வடிகட்டியே அல்ல: புதுக் கணக்கின் இணைப்பைப் பொதுவில் காட்டாதீர்கள், சில பதிவுகளைப் பிறர் உறுதிசெய்த பிறகு திறந்துவிடுங்கள். உழைப்புக்குப் பலன் இல்லையென்றால் வருகை குறையும்.

வடிகட்டி இடறும் இடம் எண்கணக்கில் இருக்கிறது. 10,000 புதுக் கணக்குகளில் 200 எரிதம் என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டி அதில் 95 விழுக்காட்டைப் பிடித்தால் 190. நல்ல கணக்குகளில் 2 விழுக்காட்டை மட்டும் தவறாகப் பிடித்தாலும் 9,800-இல் 196. பிடிபட்டவர்களில் பாதிக்கு மேல் நிரபராதிகள்! அதனால் தானியங்கி எதையும் அழிக்கக் கூடாது. மறைத்துவைத்து, மனிதப் பார்வைக்கு அனுப்ப வேண்டும். இது வெறும் மரியாதை அல்ல: ஐநேச்சுரலிஸ்டின் உறுதிப்பட்ட பதிவுகள் பல, உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தரவுத்தளத்துக்குப் போகின்றன, தவறாக ஒருவரை நீக்கினால் ஒரு ஏரியின் பறவைப் பதிவுகளும் கூடவே போய்விடலாம்.

சொற்களை மட்டும் எடைபோடும் வடிகட்டி இங்கே தடுமாறும். சுயவிவரம் இரண்டே வரி. ஆங்கிலத்தில் பழகிய வடிகட்டிக்குத் தமிழ் வரி அந்நியம், அந்நியமானதைச் சந்தேகிக்கும். இயற்கை ஆர்வலர் தம் புகைப்படத் தளத்தை இணைப்பதும் வழக்கமே. நம்பத்தக்க தடயங்கள் நடத்தையில் உள்ளன: பதிவே இல்லாமல் இணைப்பு மட்டும் இருப்பது, கணக்குத் தொடங்கிய சில நிமிடங்களில் அது வருவது, ஒரே தளமுகவரி பல கணக்குகளில் தென்படுவது. கடைசியதுதான் வலுவானது, ஸ்பேம் என்ற சொல்லின் மூல அர்த்தமும் அதுவே: ஒன்றையே திரும்பத் திரும்பக் கொட்டுவது. ஆனால் தளமுகவரியில் லத்தீன் 'a' இடத்தில் அதே உருவமுள்ள சிரிலிக் (ரஷ்ய) எழுத்தை வைத்து ஏய்ப்பார்கள். ஒப்பிடுமுன் ஒரே வடிவாக்க வேண்டும்.

பலர் செய்யும் தவறு ஒன்று: கணக்குத் தொடங்கும்போது மட்டும் சோதிப்பது. வெற்றுக் கணக்கைத் தூங்கவிட்டு, மாதங்கள் கழித்து இணைப்பைச் செருகுவார்கள். சுயவிவரம் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் சோதனை ஓட வேண்டும். மனிதர் 'இது எரிதமல்ல' என்று விடுவித்தவையும் வடிகட்டியின் பயிற்சிக்குத் திரும்பிப் போக வேண்டும். ஆங்கிலத்தில் அவற்றுக்கு 'ஹாம்' (பன்றித் தொடை இறைச்சி) என்று பெயர். தமிழில் 'நல்லது' போதும்.