கிளாஸ் எந்தக் கணினியில் காணவில்லை?

ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுழலும்போது, அவற்றின் அளவீடுகளை இரவோடு இரவாகத் தொகுத்து விடிவதற்குள் அறிக்கை தரும் பொறுப்பு எங்களைப் போன்ற தரவுப் பொறியாளர்களைச் சேர்கிறது. பல கணினிகளில் தரவைப் பகுத்துக் கணக்கிடும் மென்பொருளான ஸ்பார்க்கில் ஓடும் அந்த வேலை நள்ளிரவில் ‘கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன்’ (நிரலின் ஒரு கூறான கிளாஸைக் காணவில்லை) என்று நின்றுவிட்டால், பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே பணிபுரியும் இளைஞர்கள் பலர், இணையத்தில் கிடைக்கும், கிளாஸ்களைக் கட்டிவைத்த ஜார் கோப்புகளையெல்லாம் அள்ளிச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதனால் பழுது தீர்வதில்லை என்பதோடு, ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் உள்ளே நுழைந்து ‘நோசச்மெத்தட்எரர்’ (அழைத்த செயற்கூறு இல்லை) என்ற புதிய தொல்லையும் கிளம்பிவிடுகிறது.

எந்தக் கிளாஸ் இல்லை என்று பார்ப்பதற்கு முன், எந்தக் கணினியில் இல்லை என்று பார்க்க வேண்டும். ஸ்பார்க்கில் வேலையைப் பங்கிட்டு நடத்தும் டிரைவர் ஒரு ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்). அந்தப் பங்குகளைச் செய்யும் எக்ஸிகியூட்டர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஜேவிஎம். டிரைவரில் இருக்கும் கோப்பு மற்றவற்றிலும் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பழுதுச் செய்தியில் ‘லாஸ்ட் டாஸ்க்’ (தவறிய பணித்துண்டு) என்ற சொற்களை அடுத்து, கணினியின் பெயரும் எக்ஸிகியூட்டர் எண்ணும் அச்சாகியிருந்தால் குறை அங்கே இருக்கிறது. அவை இல்லாமல் நிரல் தொடங்கும் மெயின் செயற்கூறிலேயே வேலை நின்றிருந்தால் டிரைவரைத்தான் ஆராய வேண்டும். காணாமற்போன பெயரில் ‘அனான்ஃபன்’ (பெயரில்லாச் செயற்கூறு) என்ற சொல் தென்பட்டால், அது பெரும்பாலும் வெளி நூலகம் அன்று, நீங்கள் எழுதிய நிரலேதான். அப்படியானால் உங்கள் ஜார், வேலையைப் பகிரும் கணினிக் கூட்டமான கிளஸ்டருக்கு அனுப்பப்படவே இல்லை என்று பொருள்.

வேலையை ஸ்பார்க்கிடம் ஒப்படைக்கும் ஸ்பார்க்-சப்மிட் கட்டளையின் ‘ஜார்ஸ்’ விருப்பம் கோப்பை எக்ஸிகியூட்டர்களுக்கு அனுப்பி வைக்கும். ‘எக்ஸ்ட்ரா கிளாஸ்பாத்’ அமைப்போ கிளாஸ்களைத் தேட வேண்டிய பாதையை மட்டுமே சொல்கிறது, கோப்பை எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை. ஆகவே அந்தப் பாதையில் அந்தக் கோப்பு எல்லாக் கணினிகளிலும் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். தரவு ஓடைகளைக் கடத்தும் காஃப்கா மென்பொருளுக்கான இணைப்பு நூலகம் ஸ்பார்க்கின் வழக்கமான தொகுப்பில் வருவதில்லை. ஸ்பார்க்கின் மைய நூலகங்களைப் போல அதையும் நிரலைக் கட்டும் கருவியான மேவனில் ‘புரொவைடட்’ (ஓடும் இடத்திலேயே கிடைக்கும்) என்று குறித்துவிட்டால் நிரல் கம்பைல் ஆகும் (ஓடத்தக்க வடிவுக்கு மாறும்), ஓடாது.

இவற்றையெல்லாம் விட அதிகமாக ஆட்களை அலைக்கழிப்பது ‘நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்: குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ (கிளாஸைத் தொடங்கிவைக்க முடியவில்லை) என்ற செய்தி. இதைப் பார்த்துவிட்டு ஜாரைத் தேடுவது வீண், ஏனெனில் கிளாஸ் அங்கேதான் இருக்கிறது. கிளாஸ் முதன்முறை பயன்படும்போது ஒருமுறை மட்டும் ஓடும் அதன் ஸ்டாட்டிக் பகுதி, தொடங்கும்போதே தோற்றுவிட்டது. காற்றாலைக் குறியீடுகளைப் படிக்கும் ஒரு கிளாஸ், ஸ்டாட்டிக் பகுதியில் டிரைவர் கணினியின் வட்டிலுள்ள ஒரு பட்டியல் கோப்பைத் திறக்கிறது என்று கொள்வோம். எக்ஸிகியூட்டரில் அந்தக் கோப்பு இல்லாததால், முதலில் அதைத் தொடும் டாஸ்க் ‘எக்ஸெப்ஷன்இன்இனிஷியலைசர்எரர்’ என்று விழுகிறது. அதன்பின் அதே எக்ஸிகியூட்டரில் அந்தக் கிளாஸைத் தொடும் டாஸ்க்குகள் எல்லாம் ‘நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்’ என்றே விழுகின்றன. ஒரு டாஸ்க் 4 முறை தோற்ற பிறகே வேலையை நிறுத்துவது ஸ்பார்க்கின் இயல்பான அமைப்பு என்பதாலும், இறுதிச் செய்தியில் கடைசித் தோல்வியே இடம்பெறும் என்பதாலும், உண்மையான காரணம் எக்ஸிகியூட்டர் பதிவேட்டின் மேற்பகுதியில் புதைந்து போகிறது. ஆகவே அந்த எக்ஸிகியூட்டரின் பதிவேட்டைத் திறந்து, மேலிருந்து கீழாக, முதல் தோல்வியிலிருந்து படியுங்கள் என்று என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் வலியுறுத்திச் சொல்லி வருகிறேன்.

கிளாஸ் உண்மையிலேயே இல்லை என்று உறுதியானால், ‘ஜார் டிஎஃப்’ கட்டளையால் கோப்பின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, முழுப் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பார்க் வலைப்பக்கத்தின் ‘என்விரான்மென்ட்’ பகுதியில் கிளாஸ்பாத் பதிவுகளும் தெரியும்.

இன்னொன்று, ஸ்பார்க் எழுதப்பட்ட நிரல்மொழியான ஸ்கேலாவின் பதிப்பு. 2020இல் வந்த ஸ்பார்க் 3.0 ஸ்கேலா 2.11ஐயும், 2025இல் வந்த ஸ்பார்க் 4.0 ஸ்கேலா 2.12ஐயும் கைவிட்டன. தேடும் பெயர் ‘ஸ்கேலா’ என்றே தொடங்கினால், பழைய பதிப்புக்குக் கட்டிய ஜார் ஒன்று உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூலகப் பெயரின் இறுதியில் அடிக்கோட்டை அடுத்து வரும் எண் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த நூலகத்தை மாற்றுவதோடு, உங்கள் சொந்த நிரலையும் புதிய பதிப்பில் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.