மான் வேட்டைக்கு வீட்டு நாயைக் கூட்டிப் போகலாமா? அமெரிக்க மாநிலங்களின் விதிகள்

கூட்டிப் போகலாம். ஆனால் மானின் பின்னால் ஓட விடக் கூடாது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரிய விலங்கு வேட்டைக்குக் கிளம்புகிறவர் நாயைப் பற்றிக் கேட்டால், சுருக்கமான பதில் இதுதான். அதை மட்டும் நம்பி நாயை வண்டியில் ஏற்றிவிட்டால் சிக்கல் வரும். மாநிலம் மாறினால் விதி மாறும். ஒரே மாநிலத்துக்குள்ளும் விலங்கைப் பொறுத்து விதி வேறாக இருக்கும்.

அமெரிக்காவில் வேட்டை பெரும்பாலும் மாநில அரசுகளின் பொறுப்பு. லைசென்ஸ் தருவதும், சீசன் தேதி குறிப்பதும், எந்த ஆயுதம் என்று சொல்வதும் மாநில வனவிலங்குத் துறைதான். ஒவ்வொரு மாநிலமும் வேட்டை விதிகளைப் புத்தகமாக வெளியிடுகிறது, இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். மான், எல்க், மூஸ் (இரண்டும் பெரிய மான் இனங்கள்), கரடி, மலைச்சிங்கம் (பூமா) போன்றவை அதில் 'பெரிய விலங்கு' பிரிவில் வரும். வாத்து, காடை, முயல் எல்லாம் வேறு பிரிவு. அங்கே நாய்க்குத் தாராளமாக இடம் உண்டு. சுட்ட வாத்தைத் தண்ணீரிலிருந்து கவ்வி வர லாப்ரடாரை அனுப்புவதை யாரும் தடுப்பதில்லை. பறவை வேட்டைக்குப் பழகிய நாயை அதே நினைப்பில் எல்க் வேட்டைக்கும் கூட்டிப் போகும்போதுதான் குழப்பம் வருகிறது.

நாய் வீட்டில் செல்லமாக வளர்ந்ததா, பயிற்சி பெற்ற வேட்டைநாயா என்பதற்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை. அது காட்டில் என்ன செய்தது என்பதுதான் கேள்வி. கூடாரத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கிடந்ததா, உங்களோடு நடந்து வந்ததா, விலங்கைத் துரத்தியதா, அடிபட்ட விலங்கின் ரத்தத் தடத்தைத் தேடியதா? ஒவ்வொன்றுக்கும் விதி தனி.

கொலராடோவை எடுத்துக்கொள்வோம். எல்க் வேட்டைக்கு வெளிமாநிலத்தவர் கூட்டம் கூட்டமாக வரும் இடம். அங்கே மான், எல்க், கரடி எதையும் நாய் வைத்து வேட்டையாடக் கூடாது. மலைச்சிங்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கும் ஒரு கூட்டத்தில் 8 நாய்க்கு மேல் கூடாது. மலைச்சிங்க வேட்டையையே நிறுத்தக் கோரி 2024இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. தடை வேண்டாம் என்ற பக்கம்தான் ஜெயித்தது.

கரடி விஷயம் அப்படியில்லை. 1992இல் நடந்த வாக்கெடுப்பில் கொலராடோ மக்கள் நாய் வைத்துக் கரடி வேட்டையாடுவதைத் தடை செய்தார்கள். அதே மாநிலத்தில் 1905இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வேட்டைநாய்களோடு கரடி வேட்டைக்குப் போயிருந்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஸ்கிப் என்ற குட்டி நாய் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், வெள்ளை மாளிகைக்கே கொண்டு போய்விட்டார். இன்று அதே வேட்டையை நடத்தினால் அதிபராக இருந்தாலும் வழக்குதான். ஓரிகன் 1994இலும் வாஷிங்டன் 1996இலும் கரடிக்கும் மலைச்சிங்கத்துக்கும் வேட்டைநாயைத் தடை செய்தன, இரண்டுமே மக்கள் வாக்கெடுப்பு மூலம். கலிஃபோர்னியா 2012இல் கரடிக்கும் பாப்கேட் என்ற காட்டுப்பூனைக்கும் அதே தடையைச் சட்டமாக்கியது.

சரி, வேட்டைக்குப் பயன்படுத்தவில்லை, சும்மா கூட வந்தது என்றால்? இந்த இடத்தில்தான் வீட்டு நாய்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். நாய் தானாக அவிழ்த்துக்கொண்டு ஓடி எல்க் கூட்டத்தை விரட்டினாலும் கொலராடோவில் அது உரிமையாளரின் குற்றம். வேண்டுமென்றே விட்டிருக்க வேண்டும் என்பதில்லை, அசட்டையாக இருந்தாலே போதும். அதைவிடக் கடுமையான ஒன்று: காட்டு விலங்கை நாய் கொல்வதையோ காயப்படுத்துவதையோ தடுக்கத் தேவைப்பட்டால் நாயைக் கொல்லவும் சட்டம் இடம் தருகிறது. கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. பனிக்காலத்தில் மானும் எல்க்கும் உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே வசந்தம் வரை தாக்குப்பிடிக்கின்றன. ஆழமான பனியில் ஒரு நாய் சினை மானை நெடுந்தூரம் ஓட வைத்தால், கடிக்காமலேயே அதைக் கொன்றுவிட முடியும்.

தெற்கே நிலைமை தலைகீழ். வர்ஜீனியாவின் கிழக்குப் பகுதியிலும் ஜார்ஜியாவிலும் நாய் வைத்து மான் விரட்டுவது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம், இன்றும் சட்டப்படி நடக்கிறது. ஜார்ஜியாவில் அதற்கு நிலப்பரப்பு நிபந்தனையோடு அனுமதிச்சீட்டு வேண்டும். டெக்சஸில் நாய் வைத்து மான் விரட்டும் வேட்டை இல்லை, 1990லேயே முடிந்துபோனது. வடக்கே விஸ்கான்சினில் கரடிக்கு நாய் உண்டு, ஒரு கூட்டத்துக்கு 6 வரை.

வர்ஜீனியாவின் ஒரு சட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேட்டையின்போது உங்கள் நாய் வேலி தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் ஓடிவிட்டால், அவர் அனுமதி இல்லாமலே உள்ளே போய் நாயை மீட்டுவரலாம். துரத்தல் வேறு நிலத்தில் தொடங்கியிருக்க வேண்டும், கையில் துப்பாக்கியோ வில்லோ இருக்கக் கூடாது, நிலக்காரரின் சம்மதம் இல்லாமல் வண்டியை உள்ளே ஓட்டக் கூடாது. நிலக்காரர் யார் என்று கேட்டால் பெயர் சொல்லியே ஆக வேண்டும், மறுத்தால் அதுவே குற்றம். நிலக்காரர்களுக்கு இந்தச் சட்டம் துளியும் பிடிக்காது, பல ஆண்டுகளாக இதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மற்ற மாநிலங்களிலும் இதே உரிமை உண்டு என்று நினைத்து வேலி ஏறினால் அத்துமீறி நுழைந்த வழக்கு வரலாம்.

நாயைத் தடுக்கும் பல மாநிலங்களே ஒரு வேலைக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. குண்டோ அம்போ பட்டு ஓடிய விலங்கைத் தேடும் வேலைதான் அது. சுட்ட விலங்கைக் கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவருவது வேட்டைக்காரருக்கு அவமானம், இறைச்சியும் வீண், விலங்கும் கிடந்து துடிக்கும். அதனால் விதி இங்கே இளகுகிறது, ஆனால் பல மாநிலங்களில் கயிறு கட்டாயம். அலாஸ்காவில் கயிற்றில் பிடித்த ஒரே ஒரு நாய். ஐடஹோவிலும் ஒன்றுதான், விலங்கு அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் தேட வேண்டும். நியூயார்க்கில் தடம் தேடும் நாயை நடத்துகிறவருக்கென்று தனி லைசென்ஸ் இருக்கிறது. டெக்சஸின் பெரும்பாலான கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இரண்டு நாய் வரை. கொலராடோவில் நாயை இறக்குவதற்கு முன் வனவிலங்குத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். வீட்டு நாயை வேட்டையில் சட்டப்படி பயன்படுத்த ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இந்தத் தடம் தேடும் வேலைதான். பீகிள், டாக்ஷண்ட் போன்ற சின்ன நாய்கள்கூட இதில் கெட்டிக்காரர்கள்.

அப்புறம், நிலம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். தேசிய வனங்களில் அரசு அமைத்த முகாம்களில் நாய்க்கயிறு 6 அடிக்கு மேல் நீளக் கூடாது. தேசியப் பூங்காக்களிலும் அதே 6 அடிதான். அங்கே பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கே அனுமதியில்லை, பெரும்பாலான பூங்காக்களில் வேட்டையும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே பலகை இல்லாத எல்லை ஓடும், அதனால் போனில் வரைபடம் இருப்பது நல்லது.

பாதுகாப்பு வேறு விஷயம். துப்பாக்கி சீசனில் வேட்டைக்காரர் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும் என்கிறது கொலராடோ. அந்த விதி மனிதருக்குத்தான், ஆனாலும் நாய்க்கும் ஒரு ஆரஞ்சு மேலங்கி மாட்டிவிடுங்கள். கயோட்டி என்ற சின்ன ஓநாய் போன்ற விலங்கைச் சுட அங்கே ஆண்டு முழுக்க அனுமதி உண்டு. மங்கின வெளிச்சத்தில் சாம்பல் நிற நாய் கயோட்டி மாதிரியே தெரியும். ஓநாய் இருக்கும் பகுதிகளில் முகாமில் நாயைத் தனியாகக் கட்டிப் போட்டுவிட்டு நாள் முழுக்கப் போய்விடாதீர்கள். விஸ்கான்சினில் ஓநாய் கொன்ற நாய்க்கு அரசு இழப்பீடு தருகிறது, ஒரு நாய்க்கு அதிகபட்சம் 2,500 டாலர்.

கனடாவுக்கு மூஸ் வேட்டைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு: 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்குக் குறைந்தது 6 மாத வயதும், உடலில் மைக்ரோசிப்பும், ஆன்லைனில் நிரப்பிய சிடிசி (அமெரிக்க நோய்த்தடுப்பு மையம்) படிவமும் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவை சரியாக இல்லாவிட்டால் எல்லையில் சிக்கல் வரும்.

நம்மூரில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வளர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஏதாவது வழி இருக்குமோ என்று யோசிக்க வேண்டாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991 திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டை முடிந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் விலங்கை விரட்டுவதும் அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான், ஆகவே 'நாய் தானாக ஓடியது' என்பது எளிதில் எடுபடாது. பொங்கலையொட்டி முயல் பிடிக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரிய விலங்குகள் பல இருக்கும் முதல் பட்டியல் விலங்கென்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்குத் தமிழக அரசு 2025இல் அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவது வனத்துறைதான். விவசாயி புகார் கொடுக்கலாம், நாயை ஏவ முடியாது.