சின்ன கன்சல்டிங் கம்பெனியில் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அண்ணே, ஒரு கன்சல்டிங் கம்பெனியில ஆஃபர் வந்திருக்கு. அசோசியேட் டைரக்டர் பதவி. போகலாமா?” என்றார்.

“கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர்?”

“என்னையும் சேர்த்து எட்டு.”

எட்டுப் பேரில் மூன்று பேர் ஏற்கெனவே டைரக்டராம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பதவிப் பெயரை விடுங்கள், இந்தக் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், பில் போட்டால் எத்தனை நாளில் பணம் தருகிறார்கள் என்று கேட்டேன். தம்பி விழித்தார். நேர்காணலில் யார் இதையெல்லாம் கேட்பார்கள் என்றார்.

கேட்க வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் பிறரிடம் சம்பளத்துக்கு, இப்போது நான்கு பேரை வைத்து நானே சம்பளம் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சின்ன இடத்தில் கற்றுக்கொள்வது போல வேறெங்கும் கற்க முடியாது. சேர்ந்த இரண்டாம் மாதமே துவாஸில் ஒரு தொழிற்சாலையின் நிதி இயக்குநர் முன்னால் உட்கார்ந்து, அவருடைய சரக்கு இருப்புக் கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கினேன். பெரிய நிறுவனத்தில் இருந்த என் நண்பன் அப்போது யாரோ பேசப்போகும் ஸ்லைடுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தான். புரபோசல் எழுதுவது, விலை சொல்வது, வேலையை முடிப்பது, பிறகு பணத்தைத் துரத்துவது, எல்லாம் நீங்கள்தான். பிரிண்டர் நின்றாலும் நீங்கள்தான்.

சிக்கல் அந்தப் பணத்தைத் துரத்துவதில்தான் இருக்கிறது. ஆலோசனை நிறுவனத்துக்குக் கிடங்கு கிடையாது, இயந்திரம் கிடையாது. ஆட்களின் நேரம்தான் சரக்கு. மாதாமாதம் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும், வரவு மட்டும் எப்போதாவது மொத்தமாக வரும். நம் வாடிக்கையாளர்களில் பலர் சிறு, நடுத்தர நிறுவனங்கள். அவர்கள் அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியத்தை நம்பித்தான் ஆலோசகரையே கூப்பிடுவார்கள். அந்த மானியம் முன்பணமாக வருவதில்லை. திட்டம் முடிந்து, செலவு செய்து, கணக்கைத் தணிக்கைக்குக் கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். கையில் ரொக்கம் குறைந்த வாடிக்கையாளர் அதுவரை யாருக்குத் தவணை சொல்வார்? ஆலோசகருக்குத்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதை அனுபவித்தேன். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. அந்த நிறுவனத்தில் மேலாளர் மாறினார், ஒப்பந்தம் நின்றது. அடுத்த மாதச் சம்பளம் பத்து நாள் தள்ளிப் போனது. அதற்கடுத்த மாதம் பாதிதான் வந்தது. முதலாளி கெட்டவர் இல்லை. எங்களை எல்லாம் மீன்தலைக் கறிக்குக் கூட்டிப்போய், “நாம குடும்பம் மாதிரி, கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்றார். பொறுத்தோம். குடும்பத்தில் யாரும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை பாருங்கள், நாங்களும் கேட்கவில்லை. பிறகு எவ்வளவு பாக்கி என்பதிலேயே தகராறு வந்தது. என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கைகூப்பும் படம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது என்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் அதன் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். விவரம் பிரித்த சம்பளச் சீட்டும் கட்டாயம். இவற்றில் பின்னிரண்டும் 2016 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளவை. மேலாளர், நிபுணர் என்ற பெயரில் அதிகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வேலை நியமனச் சட்டம் பொருந்தாது என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்துவதற்கு இருந்த சம்பள உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் வேலை நேரம், ஓவர்டைம் பற்றிய பகுதி மட்டும் நமக்கு வராது. இரவு 11 மணிக்கு அறிக்கை எழுதினால் அதற்குத் தனிப் பணம் கேட்க முடியாது. அதை மனத்தில் வைத்துத்தான் சம்பளம் பேச வேண்டும்.

பாக்கி நின்றால், சம்பளத் தகராறுகளைத் தீர்க்க உதவும் முத்தரப்புச் சமரச அமைப்பிடம் போகலாம். வேலையில் இருக்கும்போதே போவதானால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். நம் ஆட்கள் முதலாளி முகத்துக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைக் கோட்டைவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு உயர்பணியாளருக்கான வேலை அனுமதியில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த பாஸுக்குத் தகுதி பார்க்கும் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி வேண்டும். உயர்பணியாளர்கள் 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு, பணியாளர்களின் நாட்டுப் பன்முகம், உள்ளூர்ப் பணியாளர் விகிதம் என்ற இரண்டு அளவுகோல்களில் தலா 10 புள்ளி தானாகக் கிடைக்கும். மீதி 20 பெரும்பாலும் உங்கள் சம்பளத்திலும் படிப்பிலும்தான் வர வேண்டும். அதனால்தான் சில இடங்களில் தாளில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்ற பேச்சு வருகிறது. “மனிதவள அமைச்சிடம் இவ்வளவு காட்டுகிறோம், வங்கியில் போட்டதும் 800 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடு” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை தருவதற்காகப் பணம் திரும்ப வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். பொய்க் கணக்கில் தெரிந்தே பங்கெடுத்தால் உங்கள் அனுமதியும் ஆபத்தில்தான்.

இன்னொன்று, கேட்கச் சாதாரணமாக இருக்கும். முதலாளிக்கு இரண்டு கம்பெனி இருக்கும். “அந்தக் கம்பெனி வேலையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்” என்பார். பாஸில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் நீங்கள் வேலை செய்யலாம். மறுப்பது கஷ்டம்தான், எட்டுப் பேர் உட்காரும் அறையில் எங்கே போய் ஒளிவது?

கிளம்பும்போது வரும் சங்கடம் பலருக்குத் தெரியாது. வெளிநாட்டவர் வேலையை விடும்போது, நிறுவனம் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு, அவருடைய வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐஆர்21 படிவம் தர வேண்டும். வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்தி வைக்கவும் வேண்டும். பெரிய நிறுவனத்தில் இதற்கென ஆள் இருப்பார். சின்ன இடத்தில் முதலாளிக்கு நினைவு வரும்போதுதான் படிவம் போகும். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மாதப் பணம் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலத்தையும் பாருங்கள். உங்களுக்கு மூன்று மாதம், அவர்களுக்கு ஒரு மாதம் என்று எழுதியிருப்பார்கள். அது சட்டப்படி செல்லாது, இரு தரப்புக்கும் ஒரே அளவுதான்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். அன்றே, நிறுவனப் பதிவுகளுக்கான அரசுத் தளமான பிஸ்ஃபைலில் 5 வெள்ளி 50 காசு கொடுத்து அந்தக் கம்பெனியின் பதிவு விவரத்தை வாங்கிப் பார்க்கச் சொன்னேன். செலுத்திய மூலதனம் 1 வெள்ளி என்றிருந்தது. அது குற்றமில்லை, சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இயக்குநர் பட்டியலில் ஒருவர்தான். மற்ற இரண்டு டைரக்டர்களும் பெயர் அட்டையில் மட்டும். வாடிக்கையாளர் கேள்வியை இரண்டாம் நேர்காணலில் கேட்டிருக்கிறார். “அதையெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்று பதில் வந்ததாம்.

போன வாரம் தம்பி ஊபியில் ஐந்து பேர் மட்டுமே உள்ள இன்னோர் இடத்தில் சேர்ந்துவிட்டார். பதவி வெறும் கன்சல்டன்ட். அதே கேள்வியை அங்கே கேட்டபோது, அந்த இடத்தை நடத்தும் அம்மா மடிக்கணினியைத் திருப்பி, வாடிக்கையாளர் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, வர வேண்டிய பில் பட்டியலைக் காட்டினாராம். இரண்டு பில் 90 நாளைத் தாண்டியிருந்ததாம். “இந்த ரெண்டையும் வசூல் பண்றதுதான் உங்க முதல் வேலை” என்றாராம்.