பட்டியலான பங்கு ஏன் ஒரு விலையில் நிற்பதில்லை?

2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு வெளியீடு வந்தபோது, வேலூர்ப் பக்கம் அதுவரை பங்குச் சந்தையை எட்டிக்கூடப் பார்க்காதவர்களும் பாலிசியோடு பான் எண்ணை இணைத்து, டிமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) திறந்து விண்ணப்பித்தார்கள். விலை 949 ரூபாய், பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி. மே 17 அன்று மும்பைச் சந்தையில் முதல் வர்த்தகமே 867 ரூபாய்க்குத்தான் நடந்தது. "கம்பெனி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் எப்படி இறங்குது?" என்று கேட்டார் சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். நியாயமான கேள்வி.

வெளியீட்டு விலையை முடிவு செய்வது கம்பெனியும், வெளியீட்டை நடத்திக் கொடுக்கும் மெர்ச்சன்ட் பேங்கர்களும். பங்கு பட்டியலாகும் நாள், அதாவது சந்தையில் வர்த்தகம் தொடங்கும் நாள் காலையோடு அந்த அதிகாரம் முடிந்துபோகிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, மொத்தம் 1 கோடி பங்குகள், வெளியீட்டு விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் காலை 9 மணி முதல் ஆர்டர்கள் குவியும், வர்த்தகம் நடக்காது. வாங்குபவர்கள் 110-க்கு 500 பங்கு, 108-க்கு 300, 105-க்கு 400 கேட்கிறார்கள். விற்பவர்கள் 104-க்கு 400, 105-க்கு 500, 109-க்கு 500 தருகிறார்கள். 108 என்று வைத்தால் 800 பங்கு கைமாறும். 105 என்றால் 900. அதிகம் கைமாறும் விலையே தொடக்க விலை என்பதால், 105.

பத்து மணிக்குத் தொடர் வர்த்தகம். இப்போது 106-க்கு 50 பங்கு, 107-க்கு 100, 109-க்கு 500 விற்பனைக்கு நிற்கின்றன. ஒருவர் வந்து, "என்ன விலையானாலும் 200 வேண்டும்" என்கிறார். முதல் இரண்டு வரிசையும் காலி, மீதி 50 பங்கு 109-க்கு. திரையில் விலை 109 ஆகிவிட்டது. அவர் செலவழித்தது வெறும் 21,450 ரூபாய். ஆனால் 1 கோடி பங்குக்கும் அந்தக் கடைசி விலையைத்தான் போட்டுப் பெருக்குகிறோம். கம்பெனியின் சந்தை மதிப்பு 105 கோடியிலிருந்து 109 கோடியாகிவிடுகிறது. ஆலையில் ஒரு ஜோடி ஷூகூடக் கூடுதலாகத் தைக்கவில்லை. அந்த 21,450-ல் ஒரு ரூபாயும் கம்பெனிக்குப் போகவில்லை, பங்கை விற்றவர்களுக்குத்தான் போனது. பங்குச் சந்தையில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

புதிய பங்கில் இந்த ஆட்டம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், விற்பனைக்கு வரும் பங்கு குறைவு. இலவம்பாடிக் கத்தரிக்காய் தோட்டத்தில் எவ்வளவு காய்த்திருந்தாலும், இன்று நேதாஜி மார்க்கெட்டுக்கு வந்த மூட்டைகள்தானே இன்றைய விலையைச் சொல்கின்றன? எல்.ஐ.சி.யில் அரசு விற்றது 3.5 சதவீதம் மட்டுமே. அதிலும் ஆங்கர் முதலீட்டாளர்கள் எனப்படும் பெரிய நிறுவனங்கள் உடனே விற்க முடியாது. அவர்கள் பங்கில் பாதிக்கு 30 நாள், மீதிக்கு 90 நாள் லாக்-இன், அதாவது விற்க முடியாத பூட்டு, உண்டு.

பூட்டு திறக்கும் நாள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அதனால் அதற்கு முன்பே விற்றுவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். எல்.ஐ.சி.யின் முதல் லாக்-இன் முடிந்தபின் வந்த முதல் வர்த்தக நாள் 2022 ஜூன் 13. பங்கு 700-க்குக் கீழே போனது. சரி, பழி முழுவதையும் லாக்-இன் மேல் போடக் கூடாது. அன்று சந்தை மொத்தமுமே பலத்த அடி வாங்கியது.

செய்தியும் இதே ஆர்டர் வரிசை வழியாகத்தான் விலைக்குள் நுழைகிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அந்த மாதிரி நாளில், அமெரிக்காவுக்கு ஷூ ஏற்றுமதி செய்யும் நம் ஆம்பூர் கம்பெனி பட்டியலில் இருந்தால், வாங்க நிற்பவர்கள் முதலில் ஆர்டரை ரத்து செய்வார்கள். 105-லும் 104-லும் ஆள் இல்லை. அடுத்து வாங்க நிற்பவர் 98-ல். அவசரமாக விற்பவர் பத்துப் பங்கு விற்றாலும் விலை 98 ஆகிவிடும். யார் கையில் எத்தனை சதவீதம், எது எத்தனை நாள் பூட்டப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் வெளியீட்டு ஆவணத்திலேயே இருக்கும். விண்ணப்பிக்கும் முன் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.