கையில் வந்த புண் வேலையால் வந்ததென்றால் ஓ.பி. சீட்டில் அதை எழுதி வாங்குங்கள்

சிமெண்ட் கலவையில் கைவைக்கிற கொத்தனாருக்கு விரலிடுக்கு வெடித்து ரத்தம் கசிகிறது. நாச்சியார்கோவில் பக்கம் விளக்குப் பட்டறையில் ஆசிட்டில் கழுவி பாலிஷ் போடுகிறவருக்கு முழங்கை வரை தடித்து அரிக்கிறது. நாகப்பட்டினத்தில் இறால் உரிக்கிற அக்காவுக்கு நகச்சுத்து மாதக்கணக்கில் ஆறவில்லை. மூன்று பேரும் மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கித் தடவிக்கொண்டு மறுநாளும் அதே வேலைக்குத்தான் போகிறார்கள். இது பணம் கேட்கக்கூடிய தொழில்நோய் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்க்கும்போதே நஷ்டஈட்டு உரிமையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017-லேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், நம்ம ஊரில் அப்படி ஒரு தாளை வாங்கிய கொத்தனாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சட்டக் கதை கொஞ்சம்தான். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம், இல்லாதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இரண்டின் மூன்றாம் அட்டவணையிலும், வேலையிடத்துப் பொருள்களால் வரும் தோல்நோய் தொழில்நோயாகவே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் இரண்டையும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், பட்டியலிலிருந்து தோல்நோயை எடுத்துவிடவில்லை. "அதெல்லாம் பழைய சட்டம்மா" என்று கவுண்டரில் யாராவது சொன்னால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள்.

முதல் பொறி டாக்டர் சீட்டு. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் கூட்டம், டாக்டர் கையைப் பார்த்து "அலர்ஜி" என்று ஒரு வார்த்தை எழுதி மாத்திரை தந்துவிடுவார். அந்தச் சீட்டை வைத்து ஒன்றும் கேட்க முடியாது, ஏனென்றால் அலர்ஜி கத்தரிக்காய் தின்றாலும் வரும். அதனால் நீங்களே சொல்லுங்கள்: "டாக்டர், நான் ரெண்டு வருஷமா சாயப்பட்டறைல இருக்கேன். லீவு எடுத்தா குறையுது, வேலைக்குப் போனா திரும்ப வருது. அதையும் சீட்டுல எழுதுங்க." வேலையை விட்டால் குறைந்து, திரும்பினால் கூடுவதுதான் இந்த நோயின் முக்கிய அடையாளம். என்ன பொருளில் கை வைக்கிறீர்கள் என்பதும் சீட்டில் இருக்க வேண்டும், முடிந்தால் டப்பாவின் லேபிளை போட்டோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைபோல் தோல் பிரிவு தனியாக உள்ள இடமாகப் பார்த்துப் போவது நல்லது.

போவதற்கு முன்னால் மெடிக்கல் டியூபை நிறுத்துங்கள். சீட்டில்லாமல் தருகிற பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், தோல் மெலியும், படர்தாமரை இருந்தால் பரவும். டாக்டர் பார்க்கும்போது நோயின் உருவமே மாறிப்போயிருக்கும், அப்புறம் வேலையால் வந்ததென்று அவர் எதை வைத்து எழுதுவார்?

இரண்டாவது பொறி இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு. சம்பளம் மாதம் 21,000 வரை, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் நீங்கள் அதற்குள் வரவேண்டும். தோல்நோய்க்கு லீவு போட்டால் டிஸ்பென்சரியில் சாதாரண நோய் விடுப்பாகத்தான் போட்டுவிடுவார்கள். அதில் சம்பளத்தில் 70 சதவீதம்தான் வரும், அதுவும் ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான். தொழில்நோய் என்று ஒத்துக்கொண்டால் 90 சதவீதம், அந்த 78 நாள் நிபந்தனையும் கிடையாது. ஒரே கை, ஒரே புண்ணுக்கு இவ்வளவு வித்தியாசம். ஒத்துக்கொள்ள வேண்டியது சிறப்பு மருத்துவக் குழு. அதற்கு அனுப்பச் சொல்லி நீங்கள்தான் எழுத்தில் கேட்க வேண்டும், தானாக யாரும் அனுப்பமாட்டார்கள். "விபத்து ரிப்போர்ட் எங்கே, எந்தத் தேதியில் அடிபட்டது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். தோல்நோய்க்கு விபத்துத் தேதி எங்கிருந்து வரும்? "இது தொழில்நோய்க்கான கோரிக்கை" என்று மனுவின் முதல் வரியிலேயே போடுங்கள், நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இ.எஸ்.ஐ. சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமலே இருக்கிற ஒப்பந்தக்காரர்கள் உண்டு, நகராட்சித் தூய்மைப் பணியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து ஆன்லைனில் மாதாமாதம் சந்தா ஏறுகிறதா என்று பாருங்கள், வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். கட்டாதது முதலாளியின் குற்றம். உங்களுக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூல் செய்துகொள்ளும் அதிகாரம் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு இருக்கிறது. ஒன்பது பேரை மட்டும் பதிவேட்டில் காட்டி மீதிப் பேரை வேறு பெயரில் வைத்திருக்கும் பட்டறைகளில் கூட வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால்தான் விஷயம் நகரும்.

இ.எஸ்.ஐ. இல்லையா, அப்போது மனு போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையர். இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். இங்கே பெரிய பொறி ஆறு மாதக் கணக்கு: தோல்நோய் அட்டவணையின் பி பிரிவில் வருவதால், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலை செய்ததைக் காட்ட வேண்டும். இ.எஸ்.ஐ.யிலும் ஆறு மாதக் கணக்கு உண்டு. கூலி நோட்டு, ஜிபேயில் வந்த சம்பளம், வேலையிடத்து போட்டோ, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, எதையும் அழிக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் கைவிரித்தால், அவருக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின்மேலும் கேட்கலாம். ஆனால் ஒருவர் தான் குடியிருக்கக் கட்டுகிற வீடென்றால் அந்த வீட்டுக்காரர்மேல் கேட்க முடியாது, மேஸ்திரியைத்தான் பிடிக்கவேண்டும். "கட்டுமான வாரிய அட்டை இருக்கில்ல, அங்க போய்க் கேளுங்க" என்பார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தருகிற உதவி வேறு, முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு.

கையுறைக்கு வருவோம். கையுறை, சோப்பு, கழுவத் தண்ணீர் எல்லாம் முதலாளி செலவு, கூலியில் பிடிக்கக் கூடாது. நடப்பது என்னவென்றால், வருடத்துக்கு ஒரு ஜோடி துணிக் கையுறையைக் கொடுத்துவிட்டு "பாதுகாப்புச் சாதனங்கள் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பின்னால் கேஸ் வந்தால், கொடுத்தோம், அவர்தான் வேண்டுமென்றே போடவில்லை என்று அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடும்போது "துணிக் கையுறை, ஒரு ஜோடி" என்று தேதியோடு நீங்களே எழுதுங்கள். ஈரச் சிமெண்டுக்குத் துணிக் கையுறை இல்லாததைவிடக் கேடு, நனைந்து காரத்தையும் குரோமியத்தையும் தோலோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் புகாத நைட்ரைல் கையுறை கேளுங்கள். பெயிண்டர்களும் மெக்கானிக்குகளும் தின்னரிலும் பெட்ரோலிலும் கை கழுவுவதை விடுங்கள், தோலின் எண்ணெய்ப் பசையை அதுதான் மொத்தமாக உருவிவிடுகிறது.

வயல் வேலைக்காரர்களுக்குச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இழப்பீட்டுச் சட்டம் விவசாயத்தில் டிராக்டர் மாதிரி இயந்திரத்தால் நடக்கிற சாகுபடியில் வேலை செய்கிறவரைத்தான் சேர்க்கிறது. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நடவு நடுகிற பெண்ணுக்குச் சேற்றுப்புண் வந்தால் அதில் இடமில்லை. டெல்டாவில் இருந்துகொண்டு இதை எழுதவேண்டியிருக்கிறது. அதனால் அவர்களுக்குத் தடுப்புதான்: இறங்குமுன் விரலிடுக்கில் வாசலின் தடவுவது, கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைப்பது, வெறுங்கையால் யூரியா வீச மறுப்பது. மருந்து அடிக்கிறவர்கள் நனைந்த சட்டையோடு வீடுவரை வராமல் அங்கேயே கழற்றிக் குளித்துவிடுங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

மனு எழுத ஆளில்லை, வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும். வருமானச் சான்று கொண்டுவா என்று அங்கேயும் யாராவது கேட்டால், எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள்.